அருளம்மாள் டீச்சர் எடுத்துக் கொடுத்த மெல்லிய புத்தகம்

சாமராஜநகரிலிருந்து மண்டி மொஹல்லாவுக்குப் புளி மூட்டை கொண்டுவரும் மாதப்பன்தான் சேதியைச் சொன்னான். வழக்கம்போல எங்கள் வாசலில் மூட்டையை இறக்கிவிட்டுத் தண்ணீர் கேட்டான். குடித்து முடித்து, சொம்பைக் கீழே வைத்த பிறகு, "அம்மா, உங்க டீச்சரு ஹோகிபிட்டரு" என்றான். எந்த டீச்சர் இறந்துபோனார் என்று நான் கேட்கவில்லை. வேலையிலிருந்து ஓய்வு பெற்று அந்த ஊரில் தம்பி வீட்டோடு போய் இருந்தவர் எனக்குத் தெரிந்து ஒருவர்தான். அடக்கமும் முடிந்துவிட்டதாம். கடைசியில் பக்கத்தில் யார் இருந்தார்கள் என்று கேட்டேன். தம்பி மருமகள் இருந்தாள் என்றான். நல்லது என்றேன். புளியை வாங்கி உள்ளே வைத்தேன். கொட்டை அதிகம் என்று அன்றைக்கு மட்டும் அவனைத் திட்டவில்லை.

அருளம்மாள் டீச்சரைப் பற்றிக் கோவில் மலரில் நான் எழுதப்போகிறேன் என்றதும் மாதா சபையில் ஒருத்தி, "உங்களுக்கும் அவங்களுக்கும் ஆகாதே" என்றாள். பாதி சரி. அந்தப் பாதியையும் சேர்த்தே எழுதுகிறேன். நான் மூன்றாம் வகுப்புக்குமேல் படிக்காதவள். எழுத்துக் கூட்டி எழுதியதைப் பேத்தி கிருபா நேராக்கித் தந்தாள். வார்த்தையைத் திருத்தலாம், விஷயத்தைத் திருத்தக்கூடாது என்று சொல்லிவிட்டேன்.

சுதந்திரம் வந்த புதிது. கிருபாவுக்கு இளம்பிள்ளைவாதம் வந்து இடது கால் சூம்பிப் போயிருந்தது. அவள் அம்மா, அதாவது என் மகள், ஆஸ்பத்திரியில் நர்ஸ். அப்பா குடகில் காப்பித் தோட்டத்தில் கணக்கெழுதும் ரைட்டர். ஆகவே கிருபாவும் தங்கை லில்லியும் என் பொறுப்பு. கிருபா கோலூன்றி நடக்கப் பழகியதும் அவள் முன்பு படித்த பள்ளிக்கூடத்துக்கே கூட்டிப் போனேன். பள்ளியின் பெயரைச் சொல்லமாட்டேன், உங்களில் பாதிப்பேர் அங்கே படித்தவர்கள். தலைமை ஆசிரியை நாற்காலியிலிருந்து எழுந்திருக்காமலே, "படி ஏற முடியாத பிள்ளையை யார் தூக்கிட்டு அலையறது? சின்னவளை மட்டும் அனுப்புங்க" என்றார்.

பக்கத்தில் கிருபாவின் வகுப்பு டீச்சர் நின்றிருந்தார். அவர்தான் அருளம்மாள். "டீச்சர், நீங்க சொல்லுங்க, என் பேத்தி எப்படிப் படிப்பான்னு" என்று கேட்டேன். அவர் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். ஒரு வார்த்தை வரவில்லை.

"ஒரே வீட்டுல ஒருத்திக்குக் கதவைத் திறந்து இன்னொருத்திக்குச் சாத்துவீங்களா? ரெண்டும் வராது, போங்க" என்று சொல்லிவிட்டு இரண்டு பிள்ளைகளையும் கூட்டி வந்துவிட்டேன்.

நடந்ததை வீட்டில் சொன்னதும் மகள் தலையில் கை வைத்து உட்கார்ந்தாள். கணக்கும் கன்னடமும் அவளே சொல்லிக் கொடுத்துவிடுவாள். வீட்டில் படித்த பிள்ளையை ஹைஸ்கூலில் சேர்க்க ஆங்கிலத்தில் பரீட்சை வைப்பார்கள். அதில் தவறினால் கிருபாவுக்கு என் அடுப்படியே கதி. பரீட்சையில் முக்கால்வாசி இலக்கணம்.

இலக்கணப் புத்தகம் வாங்க நானே போனேன். பலாப்பழத்தைத் தட்டிப் பார்த்து வாங்கத் தெரியும், சேலையை முந்தானை பிடித்துப் பார்த்து வாங்கத் தெரியும். ஆங்கிலப் புத்தகத்தை எதைப் பார்த்து வாங்குவது? கையில் தூக்கிப் பார்த்தேன். இருந்ததிலேயே கனமானதை, முதுகில் பொன்னெழுத்துப் போட்டதை எடுத்தேன். வக்கீல் வீட்டுப் பிள்ளைகள் இதைத்தான் படிக்கிறார்கள் என்று கடைக்காரன் வேறு சொன்னான்.

அதை எப்படிப் படிப்பிப்பது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. நம் கோவிலில் ஞானோபதேசம் எப்படிப் படித்தோம்? உபதேசியார் கேள்வி கேட்பார், நாம் பதிலை ஒரே மூச்சில் ஒப்பிப்போம். அப்படியே செய்தேன். மகள் ஆங்கிலக் கேள்விகளைத் தமிழ் எழுத்தில் எழுதிக் கொடுத்தாள். சாயங்காலம் செபமாலை முடிந்ததும் முழங்காலில் இருந்தபடியே நான் "வாட் இஸ் எ நவுன்?" என்பேன். பிள்ளைகள் மணி அடித்த மாதிரி பதில் சொல்வார்கள். தெருவே கேட்கும். கடைசியில் பழக்கதோஷத்தில் லில்லி ஆமென் போடுவாள்.

ஒருநாள் ஆமென் போட்டு நிமிர்ந்தால், வாசலில் அருளம்மாள் டீச்சர். தோளில் துணிப்பை. நான் உள்ளே வாருங்கள் என்று சொல்லவில்லை. அவரும் வரவில்லை. வாசற்படியில் உட்கார்ந்துகொண்டு கிருபாவிடம் ஆங்கிலத்தில் ஏதோ கேட்டார். கிருபா வாயைத் திறந்தாள், மூடினாள், என் முகத்தைப் பார்த்தாள்.

"என்ன கேட்டீங்க?" என்றேன்.

"இன்னைக்கு உங்க வீட்டுல என்ன குழம்புன்னு கேட்டேம்மா."

இவ்வளவு நாள் ஒப்பித்த பிள்ளைக்கு அவரைக்குழம்பு என்று சொல்ல வரவில்லை. எனக்கு முகம் சுட்டது. தடிப் புத்தகத்தை எடுத்துக் காட்டி, "இது என்ன லேசுப்பட்ட புத்தகமா?" என்றேன். டீச்சர் அதை வாங்கி இரண்டு பக்கம் புரட்டிவிட்டு, "தலைமாட்டுக்கு நல்லா இருக்கும்மா" என்றார். அதையும் நான் மறக்கவில்லை.

பையிலிருந்து மூன்று புத்தகங்களை எடுத்துப் படியில் பரப்பினார். "இதுல ஒண்ணை எடுக்கணும். பிள்ளைகளுக்குன்னு பார்த்து எடுத்தாப் போதாது, உங்களுக்கும் சேர்த்துப் பார்க்கணும்" என்றார்.

"இந்த வயசுல நான் இங்கிலீஷ் படிச்சு யார்கூடப் பேசப் போறேன்? மகாராஜாகூடவா?"

"நாளெல்லாம் இவங்க பக்கத்துல உட்காரப் போறது நீங்கதானே? நான் சனிக்கிழமைதான் வரமுடியும். அதுவும் பள்ளிக்கூடத்துக்குத் தெரிஞ்சா என் வேலை போயிடும்."

தெரியட்டுமே என்று நினைத்துக்கொண்டேன். சொல்லவில்லை.

அவர் வைத்த சோதனை இதுதான். ஒவ்வொரு புத்தகத்திலும் ஒரு பாடத்தை அவரே பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்டுவார். அதைப் பிள்ளைகள் எனக்குத் தமிழில் சொல்லவேண்டும். எனக்கு விளங்காவிட்டால் நான் கேள்வி கேட்கலாம். முதல் புத்தகத்தை லில்லி சொன்னாள். அவளுக்கே தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. இரண்டாவதில் யாரோ ஒரு துரை பனியில் ஆட்டைத் தேடிப் போகிறான். "எதுக்குப் போனான்? ஆடு வாங்கறவன் பனிக்காலத்துலயா போவான்?" என்று கேட்டேன். "புத்தகத்துல அப்படித்தான் இருக்கு ஆயா" என்று லில்லி முடித்துவிட்டாள்.

மூன்றாவது மெல்லிசு, அட்டை கிழிந்தது. அதில் பாடத்துக்குப் பாடம் ஒரு வீடு, நாலு மனிதர்கள், அவர்கள் பேச்சு. விதியெல்லாம் அதற்குப் பிறகுதான். அதைக் கிருபா சொன்னாள். ஒருத்தி குழந்தையை விட்டுவிட்டுச் சந்தைக்குப் போகிறாள் என்றாள். "அழுவற பிள்ளையை யார்கிட்ட விட்டுட்டுப் போனா அந்த மகராசி?" என்றேன். கிருபா சிரித்துவிட்டு, "இரு ஆயா" என்று புத்தகத்தை இழுத்து மறுபடி பார்த்தாள். விரல் வைத்து ஒவ்வொரு சொல்லாகத் தேடினாள்.

டீச்சர் மற்ற இரண்டையும் பையில் போட்டுவிட்டார். "கேட்ட கேள்விக்குப் பதில் தேடிப் பிள்ளை எந்தப் புத்தகத்துக்குள்ள திரும்பிப் போகுதோ, அதுதாம்மா அதோட புத்தகம்" என்றார்.

எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. "நொண்டிப் பிள்ளைக்கு இந்தக் கிழிஞ்ச புத்தகம் போதும்னு எடுத்துட்டு வந்தீங்களா?"

"கால்தானேம்மா சரியில்லை? வாய்க்கு என்ன வந்தது? உங்க வாயில பாதி அவளுக்கு இருந்தாலே போதும், பாஸ் பண்ணிடுவா" என்றார் அமைதியாக.

அன்று முதல் சனிக்கிழமை தவறாமல் வந்தார். சர்க்கரை ரேஷனில் வந்த காலம் அது. அவருக்கு வெல்லக் காப்பிதான் கொடுத்தேன். சர்க்கரை வீட்டில் இருந்தது. அவருக்கும் அது தெரியும். அதையே குடித்தார். மற்ற நாட்களில் பிள்ளைகள் படித்ததை என்னிடம் தமிழில் சொல்வார்கள். நான் மடக்குவேன், அவர்கள் புத்தகத்துக்குள் ஓடுவார்கள். பிறகு எங்கள் வீட்டைப் பற்றியே ஆங்கிலத்தில் வாக்கியம் எழுதுவார்கள். ஒரு சனிக்கிழமை அதை வாசித்த டீச்சர் கண்ணில் நீர் வரச் சிரித்தார். என்ன என்று கேட்டேன். லில்லிதான் சொன்னாள்: "ஆயா டீச்சர்மேல கோவமா இருந்தாங்க. கோவமா இருக்காங்க. கோவமா இருப்பாங்க."

"மூணு காலத்துலயுமாம்மா?" என்றார் டீச்சர்.

"பிள்ளை சரியாத்தான் எழுதியிருக்கு" என்றேன்.

பரீட்சை நாளன்று டீச்சர் லீவு போட்டுவிட்டு எங்களோடு ஜட்கா வண்டியில் வந்தார். எழுத்துப் பரீட்சை முடிந்ததும் அந்த ஹைஸ்கூல் தலைமை ஆசிரியை கிருபாவை உள்ளே கூப்பிட்டார். நாங்களும் போனோம். அவர் கிருபாவின் கோலைப் பார்த்தார், மாடிப்படியைப் பார்த்தார், ஆங்கிலத்தில் ஏதோ கேட்டார். மொழி தெரியாவிட்டால் என்ன, அந்தக் கேள்வி எனக்குத் தெரியும். டீச்சரைத் திரும்பிப் பார்த்தேன். அன்றுபோலவே தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். விலாவில் இடித்தேன். அசையவில்லை.

கிருபாதான் பேசினாள். நிறுத்தி நிறுத்தி, ஒரு சொல்லுக்குத் தடுமாறி, மறுபடி பிடித்துக்கொண்டு பேசினாள். அந்த அம்மாள் இடையில் ஒன்று கேட்டார், அதற்கும் சொன்னாள். பிறகு அவர் சிரித்தார். மணியடித்து யாரையோ கூப்பிட்டார். இடம் கிடைத்துவிட்டது.

ஜட்காவில் ஏறியதும் முறைப்படி கிருபாவைக் கேட்டேன், "இப்ப எனக்குச் சொல்லு." அவள் சொன்னாள்: "எப்படிப் படி ஏறுவேன்னு கேட்டாங்க ஆயா. எல்லாருக்கும் முன்னாடி வந்து, மெதுவா ஏறிடுவேன்னு சொன்னேன். தினம் அப்படி வரமுடியுமான்னு கேட்டாங்க. எங்க ஆயாவைப் பார்த்தா உங்களுக்குத் தெரியலையான்னேன்."

சிரிப்பு அடங்கிய பிறகு டீச்சரிடம் திரும்பினேன். "அன்னைக்கும் வாயை மூடிக்கிட்டு நின்னீங்க. இன்னைக்கும் அப்படியே நிக்கறீங்களே?"

"அன்னைக்குப் பயந்து நின்னேம்மா. இன்னைக்கு நான் பேசிட்டா அவ பேசமாட்டாளேன்னு நின்னேன்."

"இன்னைக்கு நின்னது சரி. அன்னைக்கு நின்னதை நான் மன்னிக்கமாட்டேன்."

"மன்னிக்க வேணாம்மா" என்றார். "அப்படியே வச்சிருங்க. இன்னொரு பிள்ளை அந்த ரூமுக்கு வந்து நிக்கும். அப்ப எனக்கு ஞாபகம் வரணும்."

வந்தது. அவர் ஓய்வு பெறுவதற்குக் கொஞ்ச நாள் முன்பு, காது கேளாத ஒரு சிறுமியைப் பழைய பள்ளிக்கூடத்தின் அதே அறையில் வேண்டாம் என்றபோது அருளம்மாள் டீச்சர் வாயைத் திறந்து பேசினார். அதற்காக அவரிடமிருந்த பெரிய வகுப்பைப் பிடுங்கிவிட்டு அரிச்சுவடி வகுப்பைக் கொடுத்தார்கள். சிறுமிக்கு இடம் கிடைத்தது. அன்று பள்ளி விட்டதும் நேரே எங்கள் வீட்டுக்கு வந்து, நின்றபடியே அத்தனையும் சொன்னார். உட்காருங்கள் என்றேன். காப்பியில் சர்க்கரை போட்டேன். ஒரு வாய் குடித்ததும் என்னை நிமிர்ந்து பார்த்தார். நான் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டேன்.

மெல்லிய புத்தகம் லில்லிக்குப் பிறகு தெருவில் எந்தெந்த வீட்டுக்கோ போய்விட்டது. தடிப் புத்தகம் என் மாவு ஜாடி மூடியின்மேல் பாரமாக இருக்கிறது. டீச்சர் வைத்திருக்கச் சொன்ன கோபமும் என்னிடம்தான் இருக்கிறது, கொஞ்சமும் குறையாமல். இனி யாருக்கு ஞாபகப்படுத்துவது என்பதுதான் தெரியவில்லை. இதைப் படிக்கும் உங்களில் டீச்சர்கள் பலபேர். அப்படி ஒரு பிள்ளை வந்து நிற்கும்போது நீங்களும் அந்த அறையில் இருக்க நேர்ந்தால், மறுநாள் எங்கள் வீட்டுக்கு வாருங்கள். காப்பி தருகிறேன். சர்க்கரையா வெல்லமா என்பது நீங்கள் சொல்வதைக் கேட்ட பிறகு.