டிரம்மும் மழைக்கோட்டும்

காலை பத்து மணி. மாடுங்கா கிங்ஸ் சர்க்கிளில் பேய் மழை. ஐந்து வருடமாக உழைக்கும் மழைக்கோட்டை மாட்டிக்கொண்டு, பையில் ஆறு காலிப் பாட்டில்களோடு தாராவிக்குப் பஸ் ஏறினேன். டிக்கெட் பத்து ரூபாய், தூரம் இரண்டு கிலோமீட்டர். மாடுங்காவிலேயே பிறந்து, கல்லூரியில் வேதியியல் பாடம் நடத்தும் நான் அங்கே முதல்முறை போகும்போது எனக்கு நாற்பத்தாறு வயது. வெட்கக்கேடுதான்.

கூப்பிட்டவர் செல்லத்துரை, திருநெல்வேலிக்காரர். காலி ரசாயன டிரம்களை வாங்கி, தன் ஷெட்டில் கழுவி விற்கிறார். அவற்றில் பாதி, தோல் பைகளில் தண்ணீர் ஒட்டாமலிருக்கப் பூசும் மருந்து வந்த டிரம்கள். அந்த மருந்து மண்ணிலும் மட்காது, தண்ணீரிலும் அழியாது. கழுவிய தண்ணீர் பின்பக்க நாலாவில், அந்தச் சாக்கடைக் கால்வாயில், விழுந்து மித்தி ஆற்றுக்குப் போகிறது. ஆற்றைக் கெடுப்பதே இவர்தான் என்று அக்கம்பக்கத்தில் பேச்சு. போன வாரம் போனில் அவரே சொன்னார்:

“எங்கிட்டருந்துதான் போகுதுன்னா, அந்த டிரம் எடுக்கிறத பந்த் பண்ணிருதேன் டீச்சர். இல்லன்னா, இல்லன்னு நாலு பேரு முன்னால நீங்க சொல்லணும்.”

பாதிப் பிழைப்பைப் பந்தயம் வைக்கும் மனுஷனிடம் மாட்டேன் என்று எப்படிச் சொல்வது?

பதினொரு மணிக்குள் வேலையை முடித்தேன். நாலாவில் ஷெட்டுக்கு மேலே, தண்ணீர் வரும் பக்கம் ஒரு பாட்டில்; கீழே, அது தாண்டிப் போகும் பக்கம் ஒரு பாட்டில். மேலே இல்லாத மருந்து கீழே இருந்தால் அது அவருடையது. செம்பூரில் உள்ள பரிசோதனைக் கூடத்தில் மாலை நான்குக்குள் கொடுக்க வேண்டும்.

கிளம்பும்முன் டிரம்களை எப்படி இனம் பிரிக்கிறீர்கள் என்று கேட்டேன். செல்லத்துரை ஒரு டிரம்முக்குள் கைத்தண்ணீரைத் தெளித்தார். எங்கும் ஒட்டாமல் துளித்துளியாக உருண்டது. உருண்டால் அந்த மருந்து, பரவினால் வேறு சரக்கு, லேபிளை நம்ப மாட்டோம் என்றார். பிறகு என்னையே பார்த்தவர், மிச்சத் தண்ணீரை என் கோட்டுக் கையில் தெளித்தார். அதுவும் உருண்டது.

“உங்க கோட்டுலயும் அதான் இருக்கு டீச்சர். பாட்டிலுக்குள்ள இதுலருந்தும் சொட்டியிருக்கும்லா?”

உண்மைதான். கையுறை மாற்றினேன், பாட்டில் மூடியைக்கூடப் பார்த்துப் பார்த்து வாங்கினேன், முதுகில் கிடந்ததை மறந்துவிட்டேன். அவர் வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் இரண்டு பாட்டிலிலும் ஒரே மருந்து வந்திருக்கும், அவர் தப்பியிருப்பார். ஏன் சொன்னீர்கள் என்று கேட்டேன். அப்படித் தப்பித்தால் தனக்கே நம்பிக்கை வராது என்றார். அந்த நிமிடம் அவர்மேல் எனக்கு வந்த மரியாதை சாதாரணமானதல்ல.

இரண்டு பாட்டிலையும் ஒதுக்கினேன். கோட்டை அவர் ஆணியில் மாட்டிவிட்டு, கையைத் தேய்த்துக் கழுவி, புதுக் கையுறையும் புதுப் பாட்டிலுமாக நாலாவில் மறுபடி இறங்கினேன். இந்த முறை தலையிலிருந்து கால்வரை நனைந்தேன். மேலே ஒன்று, கீழே ஒன்று என்று மறுபடி பிடித்தேன்.

இரண்டு மணிக்கு வீடு. கோட்டை வழக்கம்போல் குளியலறைக் கொக்கியில் மாட்டப் போய் நின்றுவிட்டேன். ஐந்து மழைக்காலமாக இது இங்கேதான் சொட்டியிருக்கிறது. இந்தத் தண்ணீரைப் பற்றி அக்கம்பக்கத்தில் ஒருவரும் பேசியதில்லை. கோட்டை அலசி, அந்த நீரை ஐந்தாவது பாட்டிலில் பிடித்தேன்.

மூன்றே முக்காலுக்குச் செம்பூர். முடிவு வர மூன்று வாரமாகுமாம். எது வந்தாலும் தாராவிக்கு நானே போய், நாலு பேர் முன்னால் படிப்பேன். படிவத்தில், மாசு வருவதாகச் சந்தேகிக்கும் இடம் என்ற கட்டத்தில், நாலாத் தண்ணீர் பாட்டில் இரண்டுக்கும் செல்லத்துரையின் ஷெட்டை எழுதினேன். கோட்டு அலசிய பாட்டிலுக்கு என் பெயரையும் மாடுங்கா முகவரியையும் எழுதினேன்.