எண்ணெயில் செம்பு

ஒரு விடுகதை. உள்ளே போகும்போது தேன் நிறம், வெளியே வரும்போது கரி நிறம். போன வீட்டுக்குள் எது தேய்ந்தது, எது உடையப்போகிறது என்று எல்லாமே அதற்குத் தெரியும். கேட்டால்தான் சொல்லும், கேட்கத்தான் ஆள் இல்லை. அது என்ன?

எஞ்சின் ஆயில். அதைக் கேட்டுச் சொல்வது என் தொழில். தேனியில் இருந்துகொண்டு, பழைய கார்களிலிருந்து ஒரு சின்ன பாட்டில் எண்ணெய் எடுத்து, கோயம்புத்தூரில் உள்ள ஓர் ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பி, வருகிற அறிக்கையை உரியவருக்கு விளக்குவேன். எஞ்சினுக்குள் பாகங்கள் உரசும்போது கண்ணுக்குத் தெரியாத உலோகப் பொடி எண்ணெயில் கலக்கிறது. எந்த உலோகம் எவ்வளவு என்று அளந்தால், எஞ்சினைப் பிரிக்காமலேயே எந்தப் பாகம் தேய்கிறது என்று தெரிந்துவிடும்.

நடப்பதைச் சொன்னதற்காக வசவு வாங்கும் வேலை உங்களுக்கும் வாய்த்திருந்தால் நீங்கள் எனக்குச் சொந்தம். போடியில் ஏலக்காய் வியாபாரம் செய்யும் முருகேசனின் பழைய டீசல் கார் என்னைப் படுத்திய பாட்டை உங்களிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வது?

விரல்

முருகேசன் மாதம் இரண்டு முறை குடும்பத்தோடு போடிமெட்டு ஏறி, பூப்பாறையில் இருக்கும் மாமனார் வீட்டுக்குப் போவார். வளைந்து வளைந்து ஏறும் மலைப்பாதை. "வண்டிக்கு வயசாச்சு, எதுக்கும் ஒருக்கா பாத்துருங்க" என்று அவர் மனைவி செல்வி நச்சரித்ததால்தான் என்னைக் கூப்பிட்டார். நான் போனபோது அவருடைய மெக்கானிக் ராசு ஆயில் குச்சியை உருவி, இரண்டு விரலால் தேய்த்து, மூக்கில் வைத்து முகர்ந்து, "நல்லாத்தான இருக்கு" என்று தீர்ப்பு எழுதிவிட்டார்.

டீசல் வண்டியில் எண்ணெய் சீக்கிரமே கறுத்துவிடும், அது புகைக்கரியைப் பிடித்து வைத்திருக்கிறது என்றுதான் அதற்கு அர்த்தம், தேய்ந்த உலோகம் விரலுக்குத் தட்டுப்படாத அளவு பொடி என்று பொறுமையாகச் சொன்னேன். ராசு அந்த விரல்களை என் முகத்துக்கு நேரே நீட்டினார்.

"இந்த வெரலு பாக்காத எஞ்சினா? ஒங்க பாட்டிலுக்கு மூக்கு இருக்கா, நாக்கு இருக்கா?"

செம்பு

அன்று நான் எடுத்து அனுப்பிய பாட்டிலுக்கு அறிக்கை வந்தது. இரும்பு சுமார். ஈயமும் செம்பும் அதிகம். எஞ்சினின் முக்கியத் தண்டைத் தாங்கும் பேரிங்கில் மேற்பூச்சு ஈயம், அதற்கு அடியில் செம்புக் கலவை. செம்பு வரத் தொடங்கினால் மேற்பூச்சு போய்விட்டது என்று சந்தேகப்பட வேண்டும். பேரிங் முழுக்கப் போனால் எஞ்சின் ஓட்டத்திலேயே இறுகி நின்றுவிடும். நின்றால் ஸ்டியரிங் கனத்துப்போகும். பிரேக் இரண்டு மிதிக்குமேல் கல்லை மிதித்த மாதிரி ஆகிவிடும். இது மலையில், ஒரு வளைவில் நடந்தால் என்ன ஆகும் என்பதையும் சொன்னேன்.

"ஒரே அறிக்கையை வைத்து முடிவு கட்டக்கூடாது. கொஞ்சம் ஓட்டிவிட்டு இன்னொரு சாம்பிள் கொடுங்கள். அதுவரை மலை வேண்டாம்" என்றேன். முருகேசன் கடைசிவரை தலையாட்டிக்கொண்டே கேட்டார்.

"செம்புச் சொம்புல தண்ணி குடிச்சா ஒடம்புக்கு நல்லதுங்கிறாக. எஞ்சினுக்கு மட்டும் ஆகாதா சார்?"

சாம்பிள்

சொல்லிவைத்தபடி இரண்டாவது பாட்டில் போடியிலிருந்து பஸ்ஸில் வந்தது. அனுப்பினேன். அறிக்கையைப் பார்த்துவிட்டு என் கண்ணையே நான் நம்பவில்லை. செம்பு இல்லை. ஈயம் இல்லை. ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் ஓடியது என்று எழுதி அனுப்பிய எண்ணெயில் புகைக்கரிகூட ஒரு பொட்டு இல்லை. பாட்டிலை மாற்றிவிட்டார்கள் என்று ஆய்வுக்கூடத்தைத் தொலைபேசியில் பிடித்துக் கத்தினேன். பாவம், மறுபடி சோதித்தார்கள். மறுபடியும் அதேதான்.

நேராகப் போடிக்குப் போனேன். முருகேசன் ஒளிக்கவே இல்லை. கடையிலிருந்து புது ஆயில் டின் வாங்கி, அதை உடைத்து, பாட்டிலைக் கழுவித் துடைத்து நிரப்பி அனுப்பியிருக்கிறார். அவர் தொழிலில் சாம்பிள் என்றால் மூட்டையில் கைவிட்டு எடுப்பது இல்லை. பருத்த, பச்சை மாறாத காயாகப் பார்த்துப் பொறுக்கிப் பொட்டலம் கட்டுவது. இதையாவது மன்னிக்கலாம். அந்தச் சுத்தமான அறிக்கையை, மறுசோதனை முடியும் முன்பே என்னிடமிருந்து கைபேசியில் கேட்டு வாங்கி, செல்வியிடம் காட்டி, போன வாரம் பிள்ளையையும் ஏற்றிக்கொண்டு மலைக்குப் போய் வந்திருக்கிறார்! எனக்கு ரத்தம் கொதித்தது. அவருக்கோ என் கோபம்தான் விளங்கவில்லை.

"சாம்பிளுன்னா இருக்கதுல நல்லதா எடுத்து வைக்கிறதுதான சார் மரியாதை? அழுக்க யாராச்சும் சாம்பிள் குடுப்பாகளா?"

வடித்தது

மூன்றாவது சாம்பிளை நானே எடுத்தேன். எஞ்சினைச் சூடாக்கி, ஆயில் குச்சி போகும் குழாய்க்குள் மெல்லிய டியூபை விட்டு உறிஞ்சினேன். செம்பு முதல் அறிக்கையைவிட இரண்டு மடங்கு. இனிச் சந்தேகம் இல்லை; எஞ்சினை இறக்கிப் பேரிங்கை மாற்றித்தான் ஆகவேண்டும். முருகேசனிடம் ஒரு முறை, ராசுவிடம் இரண்டு முறை சொன்னேன்.

மறுநாளே ராசு கூப்பிட்டார். குரலில் அத்தனை உற்சாகம். பேரிங்கை மாற்றவில்லை. எண்ணெயை மாற்றியிருக்கிறார். வீட்டில் களவு போகிறது என்று சொன்னால், திருடனின் கால்தடத்தைக் கழுவிவிட்டேன் என்பவரிடம் நாம் என்ன பேசுவது?

"செம்பு பூராத்தையும் வடிச்சு ஊத்தியாச்சுண்ணே. இப்ப அங்கன சல்லடை போட்டுச் சலிச்சாலும் கெடைக்காது!"

ஞாயிற்றுக்கிழமை

பூப்பாறையில் கல்யாணம் என்று கேள்விப்பட்டு, அறிக்கையை அச்செடுத்துக்கொண்டு காலையிலேயே போடிக்குப் போனேன். வாசலில் கார் எஞ்சின் ஓடியபடி நின்றது. பின்சீட்டில் பட்டுப்பாவாடையோடு ஐந்தாம் வகுப்புப் படிக்கும் மகள் அபிநயா.

"அப்பா, இங்கன செவப்பு வெளக்கு மினுக்குது" என்றாள், முன்னால் எட்டிப் பார்த்து. எஞ்சின் சூடேறி மெதுவாக ஓடும்போது ஆயில் விளக்கு மினுக்குகிறது என்றால் பேரிங் தேய்ந்து எண்ணெயின் அழுத்தம் குறைகிறது என்று சொல்ல வாயெடுத்தேன்.

"அது பல்பு லூசுத்தா" என்றார் முருகேசன்.

அந்தப் பிள்ளை இறங்கி என் கையிலிருந்த தாளை வாங்கிப் படித்தது. மூன்று வரிசை எண்களையும் விரல் வைத்து ஒப்பிட்டது. "மாமா, இந்த வண்டி மேல போயிருமா?"

"போனாலும் போகும். எந்த வளைவில் நிற்கும் என்று எனக்குத் தெரியாது" என்றேன். அதற்குமேல் சொன்னால் பொய்.

"தேனியிலருந்து மெனக்கெட்டு வந்து சொல்லுறாக, ஒங்களுக்கு ஒறைக்கலையா?" என்று செல்வி சத்தம் போட்டார். தெருவே திரும்பிப் பார்த்தது. முருகேசனுக்கு அவமானமாகிவிட்டது. மகளைப் பார்த்துக் கேட்டார்:

"ஏத்தா, நீயே சொல்லு. அப்பா கூட கார்ல சொகமா வாரியா, இல்ல இந்த மனுசன் பேச்சக் கேட்டு பஸ்ல வாந்தி எடுத்துக்கிட்டுப் போறியா?"

இப்படியாக, ஓர் ஆய்வுக்கூடமும் நான்கு பெரியவர்களும் சேர்ந்து முடிக்க முடியாத வழக்கு ஐந்தாம் வகுப்புப் பிள்ளையிடம் போய்ச் சேர்ந்தது. அபிநயா உள்ளே போய் ஓர் எலுமிச்சம்பழத்தை எடுத்துக்கொண்டு, அம்மாவுடன் பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தாள்.