மாமனின் சடையும் அம்மாவின் முடியும்

எங்கள் ஊரான குன்னத்துகாலில் என் மாமனுக்கு ரெகே பாடகர் என்ற பெயர் கிடைப்பதற்கு முன்பே பழனிச்சாமி என்ற பெயர் கிடைத்துவிட்டது. அதற்குக் காரணம் என் அம்மாதான்.

அம்மாவின் தம்பி அவர். கோவளத்தில் வெளிநாட்டுக்காரர்கள் தங்கும் ஓட்டலில் பாடப் போனவர், ஜமைக்கா நாட்டு ரெகே பாட்டோடு அந்நாட்டு ரஸ்தஃபாரி நெறியிலும் சேர்ந்து சடையும் தாடியுமாகத் திரும்பினார். மீன், இறைச்சி எதுவும் தொடமாட்டார். மரச்சீனிக் கிழங்கைக்கூட உப்பில்லாமல்தான் தின்பார். "இது என்ன கோலம்?" என்று பக்கத்து வீட்டு அத்தை கேட்டபோது அம்மா கொஞ்சமும் கூசாமல், "பழனிக்கு முடியெடுக்க நேர்ச்சையாக்கும்" என்று அடித்துவிட்டாள். ஊர் வாய் அடைத்துக்கொண்டது.

எனக்குத்தான் ஆவல் அடங்கவில்லை. "எதுக்கு மாமா நேர்ச்ச?" என்று அவரைப் பிடுங்கி எடுத்தேன்.

"இதும் நேர்ச்சதான் மக்கா. ஆனா வெட்டப்பிடாதுங்குற நேர்ச்ச" என்றார். நன்றாகக் கதை விடுகிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

கொச்சியில் ஒரு பெரிய மேடையில் பாட அவருக்கு அழைப்பு வந்தது. முதல் பெரிய மேடை. அதே வாரம் அத்தை பழனிக்கு வேன் பிடித்தாள். "நேர்ச்சய இழுத்துப் போடப்பிடாது, ஏறு மக்கா" என்று மாமனையும் ஏற்றினாள். மறுத்தால் அம்மாவின் பொய் வெளுத்துவிடும். வழியெல்லாம் எல்லாரும் பக்திப்பாட்டு பாடினார்கள். பாட்டுக்காரர் மட்டும் வாயைத் திறக்கவில்லை.

மொட்டை போடும் இடத்தில் அவர் உட்கார்ந்து தலையைக் குனிந்தார். நாவிதர் தண்ணீர் தெளித்ததும் அம்மாவுக்கு என்ன ஆனதோ, "எலே, எந்தி!" என்று கத்தினாள். "நேர்ந்தது நானாக்கும். குடுக்குற முடியும் எனக்கதுதான்."

இடுப்புக்குக் கீழே தொங்கும் அம்மாவின் முடி அது. அதற்கு எண்ணெய் காய்ச்சுவதற்கென்றே ஞாயிற்றுக்கிழமைகள் இருந்தன. அதை மழித்து முடியும்வரை மாமன் தேம்பித் தேம்பி அழுதார். பொய் சொன்னதற்கு முருகன் கொடுத்த தண்டனை என்று நான் முடிவுகட்டினேன். ஐயோ, எவ்வளவு முடி!

கொச்சி மேடையில் சடை பறக்க மாமன் குதித்துக் குதித்துப் பாடினார். அவர் பாட்டை 'தகர டப்பா' என்று வீட்டில் திட்டும் அம்மா, மொட்டைத்தலையைச் சேலையால் மூடிக்கொண்டு முன்வரிசையில் இருந்தாள். அவள் கண்கள் வழிந்துகொண்டிருந்தன. பாவம், சத்தம் தாங்கவில்லை போலிருக்கிறது என்று, அவள் காதுகளை என் இரண்டு கைகளாலும் பொத்தினேன்.

வெடுக்கென்று தட்டிவிட்டாள். எதற்கு அவ்வளவு கோபம் என்று வீடு வந்து சேர்ந்த பிறகும் எனக்கு விளங்கவே இல்லை.