பெயர் சொல்லாத கம்பம்

டிட்டாவின் வேலை என்னவென்று அவருடைய மாமனாருக்குக் கடைசிவரை விளங்கவில்லை. "மாப்பிள்ளை ஏரோப்ளேன்ல இருக்கார்" என்று ஊரெல்லாம் சொல்லிவைத்திருந்தார். மாப்பிள்ளை இருந்ததோ புல் மண்டிய வெளியில், கம்பிவேலிக்குள், ஓர் ஒற்றை அறையில். பக்கத்தில் நெட்டையாக ஒரு கம்பம். ஏரோப்ளேன்கள் தலைக்கு மேலே போகும். ஒருநாளும் நின்று நலம் விசாரித்ததில்லை.

கம்பம் இடைவிடாமல் வானொலி அலை அனுப்பும். அலை வரும் பக்கமாக விமானத்துக்குள் ஒரு முள் திரும்பும். அதைப் பார்த்து விமானி வழி பிடிப்பார். கூடவே கம்பம் தன் பெயரையும் மோர்ஸ் என்கிற தந்திக் குறியீட்டில், இரண்டெழுத்தில் கூவிக்கொண்டிருக்கும்: டா-டிட், டிட்-டா-டிட். இருபத்திரண்டு வருடமாக அறை ஒலிபெருக்கியில் அதைக் கேட்டவர் பல் தேய்ப்பதுகூட அந்தத் தாளத்தில்தான். அதனாலேயே எல்லோருக்கும் அவர் டிட்டா; பெற்றோர் வைத்த பெயர் வருகைப் பதிவேட்டில் மட்டும் உயிரோடிருந்தது.

வானத்தில் போகிறவர்களுக்கு வழிகாட்டும் இந்த மகான், கடைத்தெருவில் மனைவி சொல்கிற பக்கம்தான் திரும்புவார். "வலப்பக்கம்ங்க! வலதுன்னா சோத்துக்கை!"

அந்தத் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. பழுது பார்க்கும்போது பெயரை மட்டும் நிறுத்திவிட வேண்டும். அலை போகும், முள் திரும்பும்; ஆனால் பெயர் சொல்லாத கம்பத்தை எந்த விமானியும் நம்பக் கூடாது. மனிதர்களில் பெயரைப் பெரிதாகச் சொல்கிறவனைத்தான் நம்பக் கூடாது என்பது வேறு விஷயம்.

அன்று மூன்று மணிக்குச் சோதனை விமானம் வருவதாக இருந்தது. "செயற்கைக்கோள் வந்தாச்சு, இந்தக் கொம்பு இன்னும் எதுக்கு?" என்று மண்டல அதிகாரி தம் அலுவலகத்தில் பூட்டும் கையுமாகக் காத்திருந்தார். சோதனையில் தேறாவிட்டால் நிலையத்துக்கு மூடுவிழா. டிட்டா தலைமை அலுவலகத்தில் கோப்புக்கு நாடா கட்டப் போகவேண்டியதுதான்.

ஆகவே காலையிலேயே பெயரை நிறுத்தினார், பெயர் நின்றால் அலறும் எச்சரிக்கை மணியையும் அணைத்தார், துடைத்தார், முடுக்கினார், கதவுக் கைப்பிடிக்கும் பளபளப்பு ஏற்றினார். எல்லாவற்றையும் திரும்பப் போட்டார், அந்த இரண்டைத் தவிர. அவருக்குத் தெரியவே இல்லை. அவர் மண்டைக்குள் டா-டிட் ஜோராக ஓடிக்கொண்டிருந்தது.

ஒரு மணிக்குச் சாப்பாட்டு டப்பாவைத் திறந்துவைத்துக்கொண்டு வழக்கம்போல் வீட்டுக்குப் போன் போட்டார்.

"எங்க இருக்கீங்க?" என்றாள் மனைவி.

"எங்க இருப்பேன்? ஆபீஸ்ல."

"பொய் சொல்லாதீங்க."

"அடியே, சத்தியமா ஆபீஸ்லதான்!"

"அப்ப பின்னாடி அந்த டொட்டு டொட்டு எங்க? இத்தனை வருஷமா உங்க பேச்சைக் கேட்டேனோ இல்லையோ, அதைக் கேட்டிருக்கேன். உண்மையைச் சொல்லுங்க, யார் வீடு?"

டிட்டா காதைத் தீட்டினார்; ஒலிபெருக்கி ஊமையாக இருந்தது. போனைப் போட்டுவிட்டு ஓடினார். இரண்டு விசைகளையும் தட்டினார். கம்பத்துக்கு வாய் வந்தது.

மூன்று மணிக்கு விமானம் வந்தது, வட்டமடித்தது, தேறிவிட்டதாகச் சொல்லிப் போனது. மிச்சமிருந்தது பதிவேடு. 'குறையைக் கண்டறிந்தவர்' என்றொரு கட்டம். அந்த நோட்டில் பொய் எழுத அவருக்குப் பயம். உண்மை எழுத அதைவிடப் பயம். அரைமணி நேரம் பேனாவைக் கடித்துவிட்டு எழுதினார்: மனைவி.

மறுவாரம் பூட்டோடு வந்த அதிகாரி அந்தக் கட்டத்தில் விரலை வைத்தார். "உங்க சம்சாரத்துக்கு மோர்ஸ் தெரியுமா?"

"தெரியாது சார். என்னைத் தெரியும்."

அதிகாரி பேனாவைத் திறந்தார். வீட்டுக்காரரை இப்படி வேவு பார்க்க எந்தச் செயற்கைக்கோளுக்கும் துப்பில்லை என்று அவருக்கும் பட்டிருக்க வேண்டும்; அவரும் கல்யாணமானவர். 'நிலையத்தில் கூடுதல் தொலைக் கண்காணிப்பு ஏற்பாடு உள்ளது; தொடரலாம்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். பூட்டு பைக்குள் போனது.

இப்போதெல்லாம் ஒரு மணிக்கு அவளே கூப்பிடுகிறாள். டா-டிட், டிட்-டா-டிட் முழுசாகக் கேட்கிறவரை காதில் வைத்திருந்துவிட்டு, ஒரு வார்த்தை பேசாமல் வைத்துவிடுகிறாள். அவர்கள் குடும்ப வரலாற்றில் சண்டையில்லாமல் முடிகிற பேச்சு அது ஒன்றுதான்.