ஈசானி மூலையில் எழும்பாத தூண்

இதை எழுதலாமா வேண்டாமா என்று பல வருஷம் தள்ளிப்போட்டேன். சாமியைக் குறை சொல்கிறாள் என்று நினைத்துவிடுவார்களோ என்ற பயம்தான். படிப்பும் அதிகமில்லை எனக்கு.

சிங்காநல்லூர்ப் பக்கம் எங்கள் வீடு. கீழே நானும் வீட்டுக்காரரும். மாடியில் மகன், மருமகள், பேத்தி. ஒருநாள் காலையில் இட்லி ஊற்றிக்கொண்டிருந்தேன். மேடையில் கவிழ்த்திருந்த டம்ளர்கள் தானாகக் கிலுகிலுத்தன. பூஜை அறையில் தொங்குவிளக்கு ஊஞ்சல் மாதிரி ஆடியது. "முருகா" என்று சொல்லி முடிப்பதற்குள் எல்லாம் நின்றுவிட்டது. நில அதிர்வு என்று பிறகு டிவியில் சொன்னார்கள். ஊரில் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. எங்கள் பூஜை அறை மூலையில் மட்டும் சுவர் மாடி வரை விரிசல் விட்டுவிட்டது.

அந்த மூலையில் அடியிலிருந்து ஒரு தூண் எழுப்பினால் பயமில்லை என்றார் பார்க்க வந்த இன்ஜினியர். ஆனால் அது ஈசானி மூலை. வடகிழக்கில் பாரம் ஏற்றுவது எங்களில் வழக்கமில்லை.

"பூமாதேவி ஒருக்கா கொட்டாவி உட்டதுக்கு இத்தன ஆர்ப்பாட்டமா?" என்றார் வீட்டுக்காரர்.

"மறுக்கா உட்டா எம்புள்ளைய யாருங்க மாமா தாங்கறது? தூணு போட்டா நான் இங்கயே இருக்கறனுங்க," என்றாள் மருமகள்.

கடைசியில் குலதெய்வத்திடம் பூ கேட்பது என்று முடிவானது. வெள்ளைப் பூவையும் சிவப்புப் பூவையும் தனித்தனிப் பொட்டலமாக அம்மன் முன் போட்டு, ஒன்றை எடுப்பார்கள். வெள்ளை வந்தால் தூண் போடலாம், சிவப்பு வந்தால் கூடாது. வெள்ளை வரவேண்டும் என்றுதான் நான் வேண்டினேன். பூசாரி பிரித்தார். செவ்வரளி.

"உத்தரவு இல்லீங்க."

வீடு வந்து சேர்ந்தோம். படியேறும்போது மருமகள் திரும்பி நின்றாள். "தூணு வேண்டாம்னுதானுங்க அத்தை சாமி சொல்லுச்சு. இங்கயே இருக்கோணும்னு சொல்லலீங்களே."

"அப்ப போறதுக்கும் ஒரு பூ கேட்டுப்போடலாமா அம்மணி?" என்றார் வீட்டுக்காரர்.

"வேண்டாமுங்க மாமா. அதுக்கும் சிவப்பு வந்தா நான் என்ன பண்றதுங்க?"

மகனும் மருமகளும் அவிநாசி போகும் வழியில் ஓர் ஒற்றைத்தள வீடு பிடித்தார்கள். தகரக் கூரை. நல்ல கான்கிரீட் வீடுகள் கிடைத்தும், உள்ளே போனதும் மேலே அண்ணாந்து பார்த்துவிட்டு வேண்டாம் என்றாளாம் மருமகள். வெயில் காலத்தில் அங்கே உட்கார முடியாது. எங்கள் வீதியிலும் இப்போது வீடு கட்டுகிறவர்கள் தூண் எத்தனை என்றுதான் முதலில் கேட்கிறார்கள். மாடிக்கு வாடகை பேச வருகிறவர்கள் விரிசலைப் பார்த்துவிட்டு, சொல்லியனுப்புகிறோம் என்று போய்விடுகிறார்கள்.

நோம்பி, பண்டிகை என்றால் பேத்தி வருவாள். வாசற்படி தாண்டமாட்டாள். தட்டை வெளியே கொண்டுபோய் ஊட்டுவேன்.

அதற்குப் பிறகு பூமி அசையவே இல்லை. விரிசலோடு வீடு அப்படியே நிற்கிறது. தினமும் அந்த மூலையில்தான் விளக்கேற்றுகிறேன். அம்மனிடம் மறுபடி கேட்க எனக்கு வாய் வரவில்லை. கேட்டாலும் அவர்கள் இனி வரப்போவதில்லை.

இதை யாரிடமாவது சொன்னால் நடந்தபடியே சொல்லுங்கள். சாமி கைவிட்டது என்றோ, மருமகள் பொல்லாதவள் என்றோ ஒரு சொல்லும் சேர்த்துவிடாதீர்கள்.