ஊருக்கு அனுப்பாத படம்

பலேர்மோவில் வீட்டு வேலை செய்யும் நானும் மனைவியும் ஒரு ஞாயிறு பனி பார்க்க மலைக்குப் போனோம். பிள்ளைகுட்டிகளோடு குடும்பங்கள் வந்து சறுக்கும் சின்ன, அமைதியான இடம்.

ஊருக்கு அனுப்பப் படமெடுக்க ஆசைப்பட்டு, சுவரில் யாரோ சாத்திவைத்த சறுக்குக்கட்டைகளைக் கேளாமலே எடுத்து மேட்டில் போட்டு, ஏறி நின்றேன். மனைவி படமெடுத்ததும் வழுக்கி விழுந்தேன். ஒரு கட்டை தனியே சரிவில் பாய்ந்தது. கீழே குந்தியிருந்து பனி அள்ளிய குழந்தை, தாய் இழுத்தெடுத்ததால் தப்பியது.

கட்டைக்குச் சொந்தக்காரர் ஏசவில்லை. “கேட்டிருந்தால் தந்திருப்பேனே” என்றார். எனக்குத் தலை நிமிரவில்லை.

கழுவி வந்த படத்தில் நான் பல்லைக் காட்டுகிறேன். பின்னால் அந்தக் குழந்தை.

“இதையோ அனுப்பப் போறியள்?” என்றா மனைவி.

அனுப்பவில்லை. இப்போது வேலை உடுப்போடு, வீடு கூட்டுகிற தும்புத்தடியோடு நிற்கிற படம்தான் ஊருக்குப் போகிறது. அந்தத் தும்புத்தடியையும் வேலை வீட்டு எசமானி சினியோராவைக் கேட்டுத்தான் எடுத்தேன்.