எட்டுப் பேர் என்றால் எட்டுப் பேர்

யோகராஜா இறந்த செய்தி வந்தபோது நான் ஒரு வானுக்கு அடியில் படுத்திருந்தேன். காலை பத்து மணி இருக்கும். திகன சந்தியில் வாகன உதிரிப்பாகக் கடை வைத்திருக்கும் பாசில் நானா, தொலைபேசியில் சொல்லக்கூடிய விஷயம் இல்லை என்று நினைத்தாரோ என்னவோ, நடந்தே என் கராஜுக்கு வந்துவிட்டார். குனிந்து என் முகத்தைத் தேடினார்.

"குணா, யோகராஜா மவுத்தாப் போயிட்டாரு. பேராதனை ஆஸ்பத்திரில. விடியக்காலைல."

"என்ன வருத்தம்?"

"பாரிசவாதமாம். மூணு நாளா பேச்சே இல்லையாம். ஒனக்கு யாரும் சொல்லலியா?"

யாரும் சொல்லவில்லை. சொல்லும்படியான உறவு எங்களுக்குள் மூன்று வருடங்களாக இல்லை. முறுக்கிக்கொண்டிருந்த நட்டை முறுக்கி முடித்தேன். இன்னும் இரண்டு பாக்கி இருந்தன. அவற்றையும் முறுக்கிவிட்டுத்தான் வெளியே வந்தேன். பாசில் நானா அதுவரை நின்றுகொண்டே இருந்தார். என் முகத்தில் எதையோ எதிர்பார்த்தார். அது அங்கே இருக்கவில்லை.

சாவு வீட்டில் நாலைந்து பேர் "தங்கமான மனுசன்" என்று சொன்னார்கள். இதைப் படிக்கிற நீங்கள் அவரை அறிந்தவர்கள். உங்களுக்குத் தெரியும், யோகண்ணன் தங்கமான மனிதர் இல்லை. ஹுன்னஸ்கிரியவுக்கு மேலே, பஸ் போகாத தோட்டப் பாதைகளில், பின்னால் சாமான் தட்டுள்ள, உயரம் கூட்டிய டபுள் கெப் ஒன்றை வைத்துக்கொண்டு ஆளும் சாமானும் ஏற்றிப் பிழைத்தார். அவருடைய வாய்க்குப் பயந்து பேசாமல் இறங்கி நடந்தவர்களை எனக்குத் தெரியும். "இரக்கப்படுறவன் ஸ்டியரிங் புடிக்கக் கூடாது" என்பது அவர் அடிக்கடி சொல்வது.

ஒருமுறை கண்டியிலிருந்து புது ஜீப்பில் குடும்பத்தோடு வந்த ஓர் உத்தியோகத்தர் சேற்றில் புதைந்து நின்றார். நான் யோகண்ணனோடு முன் சீட்டில் இருந்தேன். அவர் வண்டியை நிறுத்தி, கயிற்றை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார்.

"மொதல்ல 'நான் ஒரு முட்டாள்'னு சொல்லுங்க. பொறகு கட்டுறேன்."

அந்த மனிதர் மனைவியைப் பார்த்தார். பின்னால் இருந்த பிள்ளைகளைப் பார்த்தார். மழை தூறிக்கொண்டிருந்தது. கடைசியில் சொன்னார். சத்தமாகச் சொல்லும்படி யோகண்ணன் கேட்டார். இரண்டாம் தரமும் சொன்னார். நான் சிரித்தேன். அந்தப் பிள்ளைகள் சிரிக்கவில்லை என்பது இப்போதுதான் நினைவுக்கு வருகிறது.

அவருடைய வண்டியின் உயரத்தைக் கூட்டியது நான் இல்லை. குருணாகல் வீதியில் யாரோ செய்தது. ஸ்பிரிங்கைத் தூக்கிவிட்டு, குலுக்கலைத் தாங்கும் பழைய குட்டை ஷொக்குகளையே விட்டிருந்தார்கள். பள்ளத்தில் சில்லு இறங்கும்போது ஷொக் தன் நீளம் முடிந்து 'டக்' என்று இழுபடும். சில்லு நிலத்தைத் தொடாமல் காற்றில் சுற்றும். நாலு வருடங்களுக்கு முன் யோகண்ணன் பாசில் நானா மூலமாக வெளிநாட்டிலிருந்து இன்னும் நீளமாக இழுபடும் நாலு ஷொக்குகளை வரவழைத்து, பெட்டியோடு என் கராஜில் கொண்டுவந்து இறக்கினார்.

"பழசக் கழட்டிட்டு இதப் பூட்டு. பின்னேரம் வாரேன்."

"பின்னேரம் முடியாது யோகண்ணே. ரெண்டு நாள்."

"நாலு ஆணிக்கு ரெண்டு நாளா?"

நாலு ஆணி இல்லை அது. வண்டியின் சட்டத்தைத் தூக்கித் தாங்கிகளில் நிறுத்தி, பழைய ஷொக்கைக் கழற்றி, பின் அச்சைத் தொங்கவிட்டுக் காட்டினேன். பிரேக் எண்ணெய் போகிற ரப்பர் குழாய் வீணைத் தந்திபோல் விறைத்து நின்றது. "இப்பிடியே புது ஷொக்கப் பூட்டினா, மொதப் பள்ளத்துலயே இந்த ஹோஸ் அறுந்துடும். அப்புறம் பிரேக் இல்ல" என்றேன். அவர் குனிந்து அந்தக் குழாயை விரலால் தொட்டுப் பார்த்தார். ஒரு கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார். இரண்டு நாளும் அங்கேயேதான் இருந்தார். நீளமான ஹோஸ் தேடி எடுத்தோம். ஷொக்கின் மேல் தாங்கியை வெட்டிப் புது இடத்தில் வெல்டிங் வைத்தேன். அச்சு அளவுக்கு மீறி இறங்காதபடி பட்டி கட்டினேன். பிறகு ஒரு பக்கத்தை மட்டும் ஜெக்கில் தூக்கி, ஷொக் முழுதாக அமுங்கி அடியில் முட்டுவதற்கு முன்னால் அச்சைத் தடுக்கும் ரப்பர் முட்டுகிறதா என்று பார்த்தேன். முட்டவில்லை. ரப்பருக்குக் கீழே கட்டை கொடுத்து உயர்த்தினேன். ஒவ்வொன்றையும் ஏன் என்று கேட்டார். நான் சொன்ன ஒவ்வொன்றையும் கேட்டுக்கொண்டார்.

மூன்றாம் நாள் மேலே போய் ஓட்டிப் பார்த்தோம். ஒரு சில்லு பாறையில், ஒரு சில்லு பாதை ஓரக் கானுக்குள். வண்டியின் உடம்பு தண்ணீர் வைத்த தாம்பாளம்போல் நேராக நின்றது. யோகண்ணன் இறங்கி வந்து அதைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். அவர் சந்தோஷமாக இருந்து நான் பார்த்த ஒரே நாள் அது.

அன்றைக்கே, அந்தச் சரிவில், கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் நின்றவர்களைக் கூப்பிட்டுப் பின்தட்டில் ஏற்றினோம். பதினொரு பேர். உயரமும் நீள ஷொக்கும் சேர்ந்தால் வண்டி ஒரு பக்கமாகச் சாயும். அது எனக்குத் தெரியும். வளைவில் அது ஆடிய ஆட்டத்தில் நான் கத்தி நிறுத்தினேன். ஒவ்வொருவராக இறக்கி ஓட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னேன்:

"உள்ளுக்கு நாலு. பின்னால எட்டு. ஒம்பதாவது ஆளு ஏறினா உருளும்."

"எட்டுன்னா எட்டா?"

"எட்டுன்னா எட்டு."

அவர் தலையாட்டினார். வேறு எந்த வண்டிக்காரரும் அதோடு என்னிடம் வாதாடியிருப்பார்.

அடுத்த ஐப்பசியில் அந்த மழை வந்தது. எந்த மழை என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. தோட்டத்தின் மேல் பிரிவில் தொழிலாளர் லயத்துக்குப் பின்னாலிருந்த மலையில் வெடிப்பு விழுந்துவிட்டது என்றார்கள். பாதை இரண்டு இடத்தில் அரைவாசி போயிருந்தது. அதில் ஏறக்கூடிய வண்டி ஒன்றே ஒன்றுதான். என் அப்பா அந்த லயத்தில் இருந்தார். தேயிலை ஃபெக்டரியில் வேலை செய்து ஓய்ந்தவர். சீனி வருத்தத்தில் இடது பாதத்தை எடுத்திருந்தார்கள். திகனவுக்கு வா என்று எத்தனையோ தடவை கூப்பிட்டும் வரவில்லை.

நான் கீழே, பள்ளிக்கூடத்தில் நின்றேன். என்னை மேலே ஏற்றிக்கொண்டு போக யோகண்ணன் மறுத்துவிட்டார். "நீ ஏறினா வரும்போது ஒரு எடம் போயிரும்." சரியான பேச்சு. இரண்டு தடவை போய் வந்தார். மூன்றாம் தடவை வந்தபோது இறங்கிய முகங்களை எண்ணினேன். அப்பா இல்லை.

மேலே நடந்ததை எனக்குச் சொன்னவர்கள் அந்த வண்டியில் வந்தவர்கள்தான். அப்பாவைக் கதிரையில் வைத்து இரண்டு பேர் தூக்கிக்கொண்டு வந்திருக்கிறார்கள். அதற்குள் உள்ளுக்கு இடம் நிறைந்து, பின்னாலும் எட்டுப் பேர் ஏறிவிட்டார்கள்.

"பெரியப்பா, எடம் இல்ல. இருங்க, திரும்பி வாரேன்."

"ஓரமா ஒக்காந்துக்கிறேன் தம்பி. எனக்குப் பாரமே இல்ல, பாதி காலுதான் இருக்கு." சிரித்துக்கொண்டே சொன்னாராம்.

"பாரம் இல்ல பெரியப்பா. எண்ணிக்க. எட்டாச்சு. ஒங்க மகன் போட்ட கணக்கு."

"அவன் சொன்னதா?" என்று கேட்டிருக்கிறார் அப்பா. "அப்ப சரி. அவன் சொன்னா சரியாத்தான் இருக்கும்."

வண்டியில் இருந்த யாரும் இறங்கவில்லை. அந்த எட்டுப் பேரின் பெயரும் எனக்குத் தெரியும். அவர்களில் ஒரு பெண் பிறகு என்னிடம் சொன்னாள்: "எறங்கணும்னு நெனச்சேன்ண்ணே. காலு வரல." தூக்கி வந்தவர்கள், வண்டி திரும்பி வரும் என்று அப்பாவை, குழந்தைகளைப் பகலில் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக் காம்பராவின் முன்கூரைக்குக் கீழே கதிரையோடு வைத்துவிட்டு, கோயில் மேட்டுக்குப் போய்விட்டார்கள்.

நாலாம் தடவை நான் முன் கதவைத் திறந்து ஏறிக்கொண்டேன். யோகண்ணன் தடுக்கவில்லை.

"ஒங்கப்பா மேல இருக்காரு. ஒம்பதாவது ஆளு. விட்டுட்டு வந்தேன்."

அந்தக் கிழிந்த பாதையில் ஒரு மனிதன் எவ்வளவு வேகமாக ஓட்ட முடியுமோ அவ்வளவு வேகமாக ஓட்டினார். என் கை வைத்துப் பூட்டிய ஷொக்குகள் ஒவ்வொரு பள்ளத்திலும் பிசகாமல் வேலை செய்தன. வளைவைத் தாண்டியபோது பிள்ளைக் காம்பரா இருந்த இடத்தில் சிவப்பு மண் ஓடிக்கொண்டிருந்தது. கூரைத் தகரம் ஒன்று மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது.

இருட்டும்வரை தோண்டினோம். ஒரு மண்வெட்டி. அதை என்னிடம் தந்துவிட்டு அவர் கையால் தோண்டினார். விரல் நகங்கள் பெயர்ந்து இரத்தம் ஒழுகியதை நான் பார்த்தேன். எனக்கு அதைப் பார்க்க இதமாக இருந்தது. மறுநாள் காலையில் அப்பாவை எடுத்தோம். கதிரையிலேயே இருந்தார்.

"ஒரு ஆளு யோகண்ணே" என்றேன். "ஒரே ஒரு ஆளு."

"நீதானே சொன்ன, எட்டுன்னு."

அவர் கோபத்தில் சொல்லவில்லை. செய்ய வேண்டியதைச் சரியாகச் செய்த ஒருவன் சொல்வதுபோல் சொன்னார். நான் சேற்றை அள்ளி அவர் முகத்தில் எறிந்தேன். ஊரே நின்று பார்க்கக் கத்தினேன்: "நீதான்டா கொன்ன!"

அந்தச் சொல் ஒட்டிக்கொண்டது. அவர் காப்பாற்றிக் கீழே கொண்டுவந்தவர்களே அதைச் சொன்னார்கள். நொண்டிக் கிழவனை விட்டுவிட்டு வந்தவன் என்றார்கள். அவருடைய வண்டியில் ஆள் ஏறுவது நின்றது. சீமெந்தும் உரமும் ஏற்றித்தான் கடைசி வருடங்களைக் கழித்தார்.

இனி எழுதப்போவதை மூன்று வருடங்களாக யாரிடமும் நான் சொன்னதில்லை.

எட்டு என்பது பொய். அன்றைக்கு நான் ஒவ்வொருவராக இறக்கியபோது, பத்துப் பேரோடு அந்த வண்டி அந்தச் சரிவில் அசையாமல் வந்தது. பத்து என்று சொன்னால் பன்னிரண்டு ஏற்றுவார்கள். எட்டு என்று சொன்னால் பத்தோடு நிறுத்துவார்கள். எங்கள் தொழிலில் எல்லோரும் அப்படித்தான் சொல்வோம், கேட்பவரும் அதற்கு மேலே இரண்டைப் போட்டுத்தான் ஏற்றுவார். நான் சொன்னதைச் சொன்னபடியே எடுத்துக்கொண்ட ஒரே ஆள் யோகராஜா. அப்பா ஏறியிருக்கலாம். அவரைத் தூக்கி வந்தவர்களில் ஒருவரும்கூட ஏறியிருக்கலாம்.

அப்பாவின் உடலைத் தூக்கும்போதே எனக்கு அது தெரியும். கத்தும்போதும் தெரியும். தெரிந்ததால்தான் அவ்வளவு சத்தமாகக் கத்தினேன்.

அதற்குப் பிறகு ஒருமுறைதான் அவரை நேரில் கண்டேன். தெல்தெனியவுக்கு அப்பால், ஒரு வாடிக்கையாளரின் வண்டியை ஓட்டிப் பார்க்கப் போய்ப் பாதை ஓரச் சேற்றில் இறக்கிவிட்டேன். சில்லு சுற்ற வண்டி இன்னும் புதைந்தது. அந்த வழியாக அவருடைய டபுள் கெப் வந்தது. நிறுத்தினார். இறங்கினார். கயிற்றை எடுத்தார். நான் காத்திருந்தேன். 'சொல்லு' என்று கேட்பார் என்று நினைத்தேன். கேட்டிருந்தால் அன்றைக்கு எல்லாவற்றையும் சொல்லியிருப்பேன். அவர் கேட்கவில்லை. என் முகத்தைப் பார்க்காமலே கட்டினார், இழுத்தார், அவிழ்த்துச் சுருட்டிக்கொண்டு போனார். நான் நன்றிகூடச் சொல்லவில்லை.

அடக்கம் முடிந்து ஒரு வாரத்தில் அவருடைய மனைவி புஷ்பம் கராஜுக்கு வந்தார்.

"கருமாதிக்கு ஒரு சின்னப் புஸ்தகம் அடிக்கிறோம்ண்ணே. நீங்க நாலு வரி எழுதித் தரணும்."

"நான் எழுதறது சரியா இருக்குமா?"

"அவரு ஒங்களப் பத்தி ஒரு வார்த்த தப்பாப் பேசினதில்ல. சனம் ஏசும்போதெல்லாம் வீட்டுக்கு வந்து அதையேதான் சொல்லுவாரு. 'குணா கணக்கு பொய்க்காது. ஒம்பது பேர ஏத்தியிருந்தா எல்லாரையும் பறி குடுத்திருப்பேன்'னு. அத நெனச்சித்தான் தூங்குவாரு."

நான் அவருக்குச் சொன்னேன். எட்டையும் பத்தையும், ஏன் அப்படிச் சொன்னேன் என்பதையும். சேலைத் தலைப்பைக் கையில் சுற்றிச் சுற்றி இறுக்கிக்கொண்டே இருந்தார்.

"அப்ப அவரு விட்டுட்டு வந்தது தேவையில்லாம."

"ஆமா."

"மூணு வருசம்ண்ணே. திகனவுல இருந்து எங்க வீட்டுக்கு எவ்வளவு தூரம்?"

எண்ணெய்க் கையைத் துணியில் துடைத்தேன்.

"எழுதுங்க" என்றார். "ஊரு அவரத்தான் கொலகாரன்னு சொல்லிச்சு. ஒங்க பேரப் போட்டு எழுதுங்க. நல்ல மனுசன் அது இதுன்னு ஒண்ணும் வேணாம். இத எழுதுங்க."

எழுதிவிட்டேன். யோகராஜாவை நேசித்தேன் என்று இங்கே சொல்ல மாட்டேன். அவர் பிழை ஏதும் செய்யவில்லை என்று தெரிந்த பிறகும், கதிரையில் இருந்த அப்பாவைப் பார்த்துவிட்டு வண்டியை எடுத்த அந்த மனிதரை என்னால் மன்னிக்க முடியவில்லை. அது என் குணம். ஆனால் கராஜுக்கு வருகிறவர்கள் இப்போது எதைக் கேட்டாலும், எவ்வளவு தாங்கும், எத்தனை நாள் ஓடும் என்று சும்மா கேட்டால்கூட, வாய் திறப்பதற்கு முன்னால் மறுபடியும் ஒருமுறை எண்ணிப் பார்க்கிறேன். எதிரே நிற்பவர் நான் சொல்வதை அப்படியே நம்பிவிடுவாரோ என்ற பயம். யோகராஜா எனக்கு விட்டுப்போனது அந்தப் பயம்தான்.